பதினெட்டில் கடைசி

எங்கள் வீதிப் பிள்ளைகள் எனக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: 'ரேங்க் மாமா'. எதிரில் வரும் எந்தப் பிள்ளையையும் நிறுத்தி, "என்னடா, என்ன ரேங்க்?" என்று கேட்பது என் வழக்கம். மற்றவர்கள் சௌக்கியம் விசாரிக்கும் இடத்தில் எனக்கு அந்தக் கேள்விதான் வாயில் வந்தது. காலாண்டுத் தேர்வுத் தாள்கள் திருத்தித் தரும் வாரத்தில் நான் ஸ்ரீரங்கம் வடக்கு உத்திர வீதியில் நடந்து வந்தால், எதிரே வரும் சைக்கிள்கள் பக்கத்துச் சந்தில் திரும்பிவிடும். அந்தப் பெயரை முதன்முதலாகக் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

அதற்குக் காரணம் உண்டு. பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து நான் முதல் ரேங்க். பாலிடெக்னிக்கிலும் அப்படியே. ரயில்வே பணிமனையில் வரைவாளராகச் சேர்ந்து முப்பத்தாறு ஆண்டுகள் திருகாணிகளையும் அச்சுகளையும் வரைந்து ஓய்வு பெற்றேன். அங்கும் பதவி உயர்வுப் பட்டியல் வரும்போதெல்லாம் என் பெயருக்கு மேலே எத்தனை பெயர்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன். பெருமாளைச் சேவிக்கப் போனால்கூட எனக்கு முன்னே நிற்பவர்களை மனம் எண்ணும். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

ஓய்வுக்குப் பிறகு என் காலைப்பொழுது பாசுரங்களுக்கு உரியதாயிற்று. எங்கள் வீதியில் ஒரு சிறு கூடத்தில் பதினைந்து இருபது பேர் கூடுவோம். எதிரெதிராக இரண்டு வரிசையாக உட்கார்ந்துகொண்டு, ஒரு வரிசை இரண்டு அடி சொல்ல, மறு வரிசை அடுத்த இரண்டு அடியைச் சொல்லும். கோஷ்டி என்று அதற்குப் பெயர். அதில் தென்புற வரிசையில் முதல் இடம் என்னுடையது. யாரும் கொடுத்ததில்லை, நானே தினமும் கால்மணி நேரம் முன்னதாகப் போய்ப் பிடித்துக்கொண்டது.

அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த ஒரே பேத்தி, வகுப்பில் முப்பத்தொன்பதாவது ரேங்க்.

நாற்பத்தாறு பேரில் முப்பத்தொன்பது. இப்போதெல்லாம் பள்ளிகளில் ரேங்க் அறிவிப்பதில்லை என்று பொதுவாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அவள் படித்த பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் வந்து விழுந்தது. மருமகளின் கைபேசியில் அதை நான் இரண்டு முறை மேலிருந்து கீழாகவும் ஒருமுறை கீழிருந்து மேலாகவும் படித்தேன். கீழிருந்து படிப்பதே சுலபமாக இருந்தது.

மறுநாள் கோஷ்டியில் எனக்கு எதிர் வரிசையில் உட்காரும் நண்பர், என் நாக்கால் தம் பேரன் பட்ட பாட்டை மறவாதவர், "என்ன ஓய், உம்ம பேத்திக்கு என்ன ரேங்க்?" என்று கேட்டார்.

"இப்பல்லாம் ரேங்க் போடறதில்லை," என்றேன்.

"அப்படியா? எங்காத்துப் பையனுக்கு மட்டும் போட்டிருக்காளே!"

நான் தீர்த்தம் வாங்கிக்கொள்ளும் பாவனையில் எழுந்துவிட்டேன்.

பேத்திக்கு வணிகக் கணிதம் வரவில்லை, கணக்குப்பதிவியல் வரவில்லை. வணிகவியல் பிரிவில் சேர்ந்தவளுக்கு அவை இரண்டும் வராவிட்டால் ரேங்க் எங்கிருந்து வரும்? தமிழில் மட்டும் வகுப்பில் அவள்தான் முதல். அதை நான் கணக்கில் எடுத்துக்கொண்டதே இல்லை. பாசுரம் ஓதும் வீட்டில் தமிழ் வருவது காவேரிக் கரையில் ஈரம் இருப்பதைப் போல என்று நினைத்தேன். அதற்கு யார் ரேங்க் கொடுப்பார்கள்?

அவளுக்கு உட்கார வைத்துப் பாசுரம் எதையும் நான் சொல்லிக்கொடுத்ததில்லை. நான் வீட்டில் சொல்லிப் பார்ப்பதை அடுத்த அறையிலிருந்து கேட்டவள், அவ்வளவுதான். பன்னிரண்டாம் வகுப்பின் தொடக்கத்தில் ஒருநாள் தலை பின்னிக்கொண்டே வந்து கதவருகில் நின்றாள்.

"தாத்தா, நீங்க தினமும் பெருமாள்கிட்ட மரை கேக்கறேள்."

"என்னது?"

"தாமரைன்னு வர எடத்துல எல்லாம் 'தா'ன்னு நிறுத்தி மூச்சு வாங்கறேள். அப்புறம் 'மரை'ங்கறேள். தான்னா குடு. மரைன்னா மான். பெருமாளே, மான் குடுன்னு கேக்கறேள்."

எழுபது வயதுக்கு மேல் எனக்கு மூச்சு குறைந்துவிட்டது. ஓர் அடியை ஒரே மூச்சில் சொல்லிவந்தவன், இப்போது நடுவில் எங்கேனும் நிறுத்தியாக வேண்டும். பெருமாளின் கண்ணும் கையும் அடியும் பாட்டுக்குப் பாட்டு தாமரைதான் என்பதால், என் மூச்சும் அடிக்கடி அந்தச் சொல்லின் நடுவிலேயே முடிந்துவிடும்போலிருக்கிறது. நான் பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"இல்லேன்னா ஒர்க்‌ஷாப் ஞாபகத்துல திருகாணி மரையைக் கேக்கறேளோ என்னமோ. பெருமாள் குழம்பிடுவார் தாத்தா. இவருக்கு மான் வேணுமா, போல்ட்டு வேணுமான்னு!"

உள்ளேயிருந்து மருமகள், "தாத்தாவுக்கு மரை கழண்டு போச்சுங்கறியாடி?" என்று சிரித்தாள்.

"அதை நான் சொல்லலை. மூச்சை ஒரு சொல் முன்னாடியே வாங்கிண்டுட்டா தாமரை முழுசா வரும். அவ்ளோதான்."

எனக்குச் சுருக்கென்றது. அறுபது ஆண்டுகளாகப் பாசுரம் சொல்பவனுக்கு முப்பத்தொன்பதாவது ரேங்க் வந்து மூச்சு வாங்கும் இடம் காட்டுகிறது. "முதல்ல வணிகக் கணிதத்தைப் பாரு," என்றேன். அவள் பின்னலை முடித்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாளும் நான் தா என்று நிறுத்தி, மரை என்றே தொடர்ந்தேன், வேண்டுமென்றே.

பொதுத்தேர்வு முடிவு வந்தது. தமிழில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. வணிகக் கணிதத்தில் கரையேறியிருந்தாள், அவ்வளவே. என் மகன் மருந்து நிறுவனமொன்றின் விற்பனைப் பிரதிநிதி. வாரத்தில் நான்கு நாள் வெளியூர். ஒரு தனியார் கல்லூரியில் பி.காம். படிப்புக்குச் சொல்லிவைத்திருந்தான். பேத்தி உணவு மேசையின் முன் நின்றபடி, அரசுக் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படிக்கப் போகிறேன் என்றாள். விண்ணப்பத்தையும் தானே இணையத்தில் அனுப்பியிருந்தாள்.

தரவரிசைப் பட்டியல் வெளியானதும் அதை அச்செடுத்து வரும் பொறுப்பை நானே ஏற்றேன். ரேங்க் என்றால் என்னைவிடத் தெரிந்தவன் யார்? ராஜகோபுரத்துக்கு அருகே உள்ள ஜெராக்ஸ் கடையில் அவள் பெயர் வரும் பக்கத்தை மட்டும் எடுக்கச் சொன்னேன். பெயர், விண்ணப்ப எண், பிறந்த நாள், அதன் பக்கத்தில் ரேங்க்: இரண்டாயிரத்துச் சொச்சம். கடை வாசலிலேயே சிறிது நேரம் நின்றேன். ஐம்பது அறுபது இடங்கள் உள்ள வகுப்புக்கு இரண்டாயிரத்துச் சொச்சம்!

வீட்டுக்கு வந்து தாளை மேசைமீது வைத்து, "அப்பா சொல்ற பி.காம்லயே சேர்ந்துடு. ரேங்க் இடம் குடுக்கலை," என்றேன்.

அவள் தாளைக் கையில் எடுத்து வலது ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். "தாத்தா, இந்தப் பக்கம் ரெண்டு கட்டம் வெட்டுப்பட்டிருக்கு."

அகலமான பட்டியலை நெட்டுவாக்கில் அச்சடித்துவிட்டார்கள். முப்பத்தாறு ஆண்டுகள் வரைபடத் தாள்களோடு வாழ்ந்தவன், ஓரம் வெட்டுப்பட்ட தாளை முழுத் தாள் என்று கொண்டுவந்திருக்கிறேன். அவள் கைபேசியில் பட்டியலைத் திறந்து வலப்புறமாகத் தள்ளினாள். பொது ரேங்குக்கு அடுத்து 'தமிழ்' என்றொரு கட்டம் இருந்தது. அதில் அவள் எண் இருபத்தாறு.

அன்றுதான் எனக்கு விஷயம் விளங்கிற்று. மற்றப் பாடங்களுக்கெல்லாம் நான்கு பாடங்களின் மதிப்பெண்ணைக் கூட்டி வரிசைப்படுத்துகிறார்கள். தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ்த் தாளின் மதிப்பெண் ஒன்றே போதும். அந்தப் பட்டியலில் வணிகக் கணிதத்துக்கு வாயில்லை. தொண்ணூற்றெட்டு வாங்கிய பலரில் மூத்தவர்கள் முன்னே நிற்க, மார்கழியில் பிறந்த இவள் இருபத்தாறில் நின்றாள்.

ஆனால் அதுவும் முழு நிம்மதி தரவில்லை. இடங்களில் ஒரு பகுதி பொதுப்போட்டிக்கு உரியது. எந்தப் பிரிவினராயினும் வரிசைப்படி மேலிருந்து அதை நிரப்புவார்கள். எங்கள் குடும்பத்துக்கு உள்ள வாசல் அது ஒன்றே. மற்ற வாசல்கள் எதற்காகத் திறக்கப்பட்டன என்பதை அறிந்தவன் நான். அதைக் குறை சொல்ல எனக்கு நாவில்லை. கல்லூரியில் விசாரித்ததில் அந்த வாசலில் பதினெட்டு இடம் என்றார்கள். இவள் இருபத்தாறு. முன்னே நிற்பவர்களில் எட்டுப் பேர் வராமல் இருந்தால்தான் இவளுக்கு இடம்.

மகன் வெளியூரிலிருந்து தொலைபேசியில் பேசினான். "அப்பா, நீங்களே அழைச்சுண்டு போங்கோ. அன்னிக்குக் கிடைச்சா சரி. இல்லேன்னா மறுநாள் பி.காம்ல சேர்த்துடுவேன். அங்க அதான் கடைசி நாள். அதுக்கு மேல பேச்சே கிடையாது."

பேத்தி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "சரிப்பா," என்றாள். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவள் எவ்வளவு மூச்சைச் சேர்த்தாள் என்பதை நான் பார்த்தேன்.

கலந்தாய்வு நாளன்று காலை ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினோம். திருவானைக்காவல் தாண்டிக் காவேரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. ஆற்றில் தண்ணீர் இருந்தது. அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். உடனே முன்னே நிற்கும் எட்டுப் பேர் வராமல் போக வேண்டும் என்று பெருமாளிடம் எப்படிக் கேட்பது என்று தோன்றியதால், ஒன்றும் கேட்காமல் விட்டேன்.

கல்லூரிக் கூடத்தில் நீள பெஞ்சுகள். மேடையில் மூன்று மேசைகள். அந்தக் கல்லூரியில் மொழிப் பாடங்களுக்கு அன்று. கணிதம் முதலான மற்றவற்றுக்கு மறுநாள். எங்கள் பெஞ்சில் எனக்கு அடுத்தாற்போல் உப்பிலியபுரத்துப் பக்கமிருந்து வந்த விவசாயி ஒருவர், வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, மடியில் ஒரு பெரிய பிளாஸ்டிக் உறை. அவருக்கு அந்தப் பக்கம் அவர் மகள்.

என் நெற்றியிலிருந்த திருமண்ணைப் பார்த்து, "சாமி ஸ்ரீரங்கங்களா?" என்று ஆரம்பித்தார். ஐந்து நிமிடத்தில் உறையிலிருந்து மகளின் மதிப்பெண் அட்டைகள் எல்லாம் வெளியே வந்துவிட்டன. ஆறாம் வகுப்பிலிருந்து எல்லாவற்றிலும் ரேங்க் என்ற கட்டத்தில் ஒன்று, ஒன்று, ஒன்று. லேமினேஷன் செய்து வைத்திருந்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. நானே மறுபிறவி எடுத்துத் துண்டு போட்டுக்கொண்டு வந்தாற்போல் இருந்தது.

அவர் எழுந்து மேடைக்குப் போய், அட்டைகளை மேசைமீது பரப்பி, "எம் பொண்ணு மொத ரேங்க்குங்க. மொதல்ல கூப்புடுவீங்களா?" என்று கேட்டார்.

மேசையிலிருந்த அலுவலர் வயதில் இளையவர், சலித்துக்கொள்ளவில்லை. "ஐயா, பள்ளிக்கூட ரேங்க் இங்க செல்லாதுங்க. ஒவ்வொரு பள்ளிக்கூடத்துலயும் ஒரு மொத ரேங்க் இருக்கில்ல? அம்புட்டுப் பேரும் இங்கதாங்க உக்காந்திருக்காங்க. பாப்பா நம்பர் பதினாலு. கூப்பிடுவோம், உக்காருங்க."

அவர் கூடத்தைத் திரும்பி ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையில் அத்தனை முதல் ரேங்குகளையும் எண்ணினாரோ என்னவோ. அட்டைகளை அடுக்கி உறையில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எனக்கும் அந்தச் சொல் எங்கோ போய்த் தைத்தது. என் வீட்டு அலமாரியிலும் அப்படி ஓர் உறை உண்டு.

இதற்குள் இரண்டு பெண்களும் பேசத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பெண் தாழ்ந்த குரலில், "எனக்குத் தமிழ்தான் புடிக்கும். அப்பாதான் கணக்கு எடுக்கச் சொல்றாரு," என்றாள். என் பேத்தி என்ன சொன்னாள் என்று காதில் விழவில்லை. இருவரும் சிரித்தது மட்டும் கேட்டது.

அழைப்பு தொடங்கியது. ஒவ்வோர் எண்ணையும் பெயரையும் மும்முறை சொல்வார்கள். மூன்றாம் முறையும் யாரும் எழாவிட்டால் அந்தப் பெயர் மீது கோடு. நான் விரல் மடக்கி எண்ணினேன். இரண்டாம் எண் வரவில்லை. ஐந்தும் ஒன்பதும் வரவில்லை. பன்னிரண்டாம் எண்ணைக் கூப்பிட்டபோது யாரோ எழுவதுபோல் அசைந்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். கோடு விழுந்தது. ஆக நான்கு. பதின்மூன்றாம் எண் மேடையில் சான்றிதழ் காட்டிக்கொண்டிருந்தது. இன்னும் நான்கு பேர் வேண்டும்.

அப்போதுதான் விவசாயி என் பக்கம் சாய்ந்தார். "சாமி, அடுத்து எம் பொண்ணுதான். ஒரு ரோசனை சொல்லுங்க. இன்னிக்குத் தமிழை வாங்கிக்கிறதா, வேணாம்னுட்டு நாளைக்குக் கணக்குக்கு வர்றதா? நாளைக்கு கெடைக்கும்னும் சொல்ல மாட்டேங்கிறாங்க. நீங்க படிச்சவங்க."

அந்தப் பெண் எழுந்து போய்விட்டால் என் பேத்திக்கு முன்னே ஓர் ஆள் குறைவார். இதைக் கணக்கிட எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அவர் கேட்டு முடிப்பதற்குள் கணக்கு முடிந்திருந்தது. எனக்கு வணிகக் கணிதம் நன்றாக வரும்.

"கணக்கு நல்ல படிப்புதான்," என்றேன்.

சொல்லிவிட்டு அங்கேயே நிறுத்தினேன். நான் சொன்னதில் பொய் ஏதுமில்லை. ஆனால் அந்த வாக்கியத்துக்கு இன்னொரு பாதி இருந்தது. அதை மூச்சு வாங்குகிறவனைப்போல உள்ளே வைத்துக்கொண்டேன்.

என் தோளுக்குப் பக்கத்தில் பேத்தியின் குரல் கேட்டது. மிக மெதுவாக. "தாமரை, தாத்தா."

அவ்வளவுதான் சொன்னாள். எங்கள் இருவரைத் தவிர அந்தக் கூடத்தில் வேறு யாருக்கும் அது விளங்கியிருக்காது. அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை, மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டுப் பேர் கணக்கை என்னைப்போலவே அவளும் மடக்கிக்கொண்டிருந்தாள். மடியில் நான்கு விரல்கள் மடங்கியிருந்தன.

அறுபது ஆண்டுப் பாசுரம் ஒரு பக்கமும் அந்த ஒரு சொல் ஒரு பக்கமுமாக எனக்குள் நின்றன. நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு வாக்கியத்தை முடித்தேன்.

"கணக்கு நல்ல படிப்புதான். ஆனா உங்க பொண்ணு ஆசைப்படறது தமிழ். நாளைக்கு இருக்கிறது உறுதியில்லை, இன்னிக்கு இருக்கிறது உறுதி. என்னைக் கேக்கறதைவிட அவளைக் கேளுங்கோ."

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். "ஏத்தா, அப்புடியா?"

"ஆமாப்பா."

"அத முன்னயே வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"சொன்னேன். நீங்க ரேங்க் அட்டைய எடுத்து வச்சுக்கிட்டிருந்தீங்க."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டார். பதினான்காம் எண்ணை முதல் அழைப்பிலேயே எழுந்து கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பெண் பத்தாவது இடத்தில் கையெழுத்திட்டாள். மீதி எட்டு.

பிறகு நடந்ததை நான் விரைவாகச் சொல்லிவிடுகிறேன், அங்கே அது விரைவாக நடக்கவில்லை என்றாலும். பதினாறு வரவில்லை. பத்தொன்பது வரவில்லை. இருபதும் இருபத்தொன்றும் அக்காள் தங்கைபோல் சேர்ந்தே மேடைக்குப் போனார்கள். இருபத்திரண்டின் பெயரை மூன்றாம் முறை சொன்னபோது கூடமே கதவைப் பார்த்தது, கோடு. இன்னும் ஒன்று. இருபத்துமூன்று எழுந்தது. இருபத்துநான்கு எழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இருபத்தைந்து. ஒருமுறை. இருமுறை. கண்ணைத் திறந்தேன். மூன்றாம் முறையும் கூப்பிட்டுவிட்டு அலுவலர் தலையைத் தூக்கிக் கூடத்தின் கடைசி பெஞ்சுவரை நிதானமாகப் பார்த்தார். அவர் கடமையை அவர் அவ்வளவு ஒழுங்காகச் செய்ததற்காக அன்று அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. இன்று மரியாதை வருகிறது. பேனா கீழிறங்கிக் கோடு போட்டது.

இருபத்தாறாம் எண்ணை அவர் ஒரே ஒரு முறைதான் சொன்னார். அதற்குள் பேத்தி மேடைப் படியில் நின்றாள்.

மேசையில் இருந்த தமிழ்த்துறைப் பேராசிரியை சான்றிதழைப் புரட்டினார். "மத்த பாடமெல்லாம் இப்படி இருக்கே, தமிழ் மட்டும் தொண்ணூத்தெட்டா? ரெண்டு மார்க்கை எங்கம்மா விட்ட?"

"அலகிடறதுல ஒரு சீர் தப்பாப் பிரிச்சுட்டேன் மேம்."

"எந்தச் சீர்னு ஞாபகம் இருக்கா?"

இவள் சொன்னாள். எப்படிப் பிரித்தேன், எப்படிப் பிரித்திருக்க வேண்டும் என்றும் சொன்னாள். பேராசிரியை பக்கத்து மேசைக்காரரைப் பார்த்து, "கேட்டீங்களா? தப்பைக்கூட மனப்பாடமா வச்சிருக்கு," என்றார். பிறகு முத்திரை குத்தி, "பொதுப்போட்டியில இதுதான் கடைசி இடம். பதினெட்டு," என்று தாளை நீட்டினார்.

வாசலில் விவசாயியும் மகளும் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சாமி, உங்க பேத்தி நம்பர் பின்னாடி இருந்ததாமே? எம் பொண்ணு இப்பத்தான் சொல்லுது. தெரிஞ்சிருந்தா உங்ககிட்ட கேட்டிருக்கவே மாட்டேங்க. உங்களுக்கும் சங்கடமாத்தானே இருந்திருக்கும்!"

"சங்கடம்தான்," என்றேன். "இவதான் தீர்த்து வெச்சா."

அவருக்கு அது எப்படியென்று புரியவில்லை. நான் விளக்கவும் இல்லை. உறையிலிருந்து அந்த அட்டைகளை எடுத்து என்னிடம் நீட்டி, "இதெல்லாம் இனிமே எதுக்குங்க?" என்று கேட்டார். வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் மகள் சம்பாதித்தவை என்றேன். அதில் எனக்கு ஐயமே இல்லை. ஒவ்வொரு ஒன்றுக்கும் பின்னால் அந்தப் பெண் உட்கார்ந்து படித்த மாலைகள் இருக்கின்றன. அந்த ஒன்று எந்தக் கதவைத் திறக்கும், எந்தக் கதவைத் திறக்காது என்பது மட்டுமே நானும் அவரும் அறியாமல் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் பேத்தி சன்னல் ஓரம் உட்கார்ந்து அப்பாவுக்குப் பேசினாள். பேசி முடித்ததும் கைபேசியை என் காதில் வைத்தாள். மகன் அந்தப் பக்கமிருந்து "எத்தனாவது இடம்ப்பா?" என்றான். இந்தக் கேள்வியை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவன் நானே.

மறுநாள் காலை கோஷ்டிக்கு நான் சரியான நேரத்துக்குத்தான் போனேன், முன்னதாகப் போகவில்லை. என் முதல் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். எழப்போனவரைக் கையமர்த்திவிட்டு வரிசையின் கடைக்கோடியில் உட்கார்ந்தேன். அங்கிருந்து கேட்டால் மொத்த வரிசையின் குரலும் ஒன்றாகக் காதில் விழுகிறது. இத்தனை ஆண்டுகள் இது எனக்குத் தெரியாது.

தொடங்குவதற்குமுன் எதிர் வரிசை நண்பர் விடவில்லை. "என்ன ஓய் ரேங்க் மாமா, பின்னாடி போய்ட்டீர்? பேத்தி விஷயம் என்னாச்சு? இன்னும் ரேங்க் போடலையா?"

"போட்டாச்சு," என்றேன். "கடைசி."

அவருக்கே கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியிருக்கும்.

"பதினெட்டுல கடைசி," என்றேன், இருபுறமும் கேட்கும்படி. "அரசுக் கல்லூரி. தமிழ் இலக்கியம். அவளுக்கப்புறம் அந்த வாசலைச் சாத்திட்டா."

என் வாழ்நாளில் நான் சொன்ன எந்த ரேங்கையும் அவ்வளவு உரக்கச் சொன்னதில்லை. அவர் எழுந்து வந்து என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். பிறகு எங்கள் வரிசை தொடங்கியது. மூன்றாம் பாட்டில் அந்தச் சொல் வரப்போவது எனக்குத் தெரியும். அதற்கு ஒரு சொல் முன்னதாகவே, அவள் சொன்ன இடத்தில், மூச்சை வாங்கிக்கொண்டேன். தாமரை முழுதாக வந்தது.